குறைந்த பணத்தில் முடி நடவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வழுக்கை மறைய வேண்டும் என்ற ஆசையும் உண்மை, அதற்குக் கையில் பணம் போதாது என்பதும் உண்மை. இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று தவிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அந்த இடத்தில் மூன்று ஆண்டுகள் நின்று, சேமித்து, பிறகு சிகிச்சை செய்துகொண்டவன். நான் மருத்துவன் அல்லன். மருந்தையும் அறுவையையும் பற்றிய முடிவை உங்கள் தலையை நேரில் பார்த்த தோல் மருத்துவரோடு சேர்ந்துதான் எடுக்க வேண்டும். ஆனால் பணத்தை எங்கே குறைக்கலாம், எங்கே குறைக்கவே கூடாது என்பதைப் பற்றி எனக்குத் தெளிவான கருத்து இருக்கிறது.

முடி நடவில் நாம் எதற்காகப் பணம் கட்டுகிறோம்?

ஆண்களுக்கு வரும் பரம்பரை வழுக்கையில், டிஹெச்டி என்ற ஹார்மோனின் தாக்கத்தால் முன்நெற்றியிலும் உச்சியிலும் உள்ள மயிர்க்கால்கள் மெல்ல மெல்லச் சுருங்கிவிடுகின்றன. பிடரியிலும் காதுகளுக்கு மேலும் உள்ளவை பெரும்பாலும் அந்தத் தாக்கத்துக்கு அசைந்து கொடுப்பதில்லை. அப்படி அசையாத மயிர்க்காலைப் பெயர்த்து வழுக்கையான இடத்தில் நட்டாலும், அது தன் பழைய குணத்தோடே வளர்கிறது என்பதை நியூயார்க் தோல் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் 1959-இல் வெளியிட்ட கட்டுரையில் எடுத்துக் காட்டினார். இன்றைய முடி நடவு முழுவதும் அந்த ஒன்றின் மேல்தான் நிற்கிறது.

பிடரியை நாற்றங்கால் என்றும் முன்நெற்றியை வயல் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். வேறுபாடு ஒன்றுதான்: இந்த நாற்றங்காலில் மறுபடி விதை தூவ முடியாது. எடுத்த இடத்தில் அந்த முடி திரும்ப முளைக்காது. செலவான பணத்தை இரண்டு ஆண்டு உழைத்துத் திரும்பச் சேர்த்துவிடலாம், பிடரியில் வீணான முடியைச் சேர்க்க முடியாது. இந்தப் பக்கத்தில் நான் சொல்லும் எல்லாக் கணக்கும் இதிலிருந்துதான் தொடங்குகிறது.

கட்டணத்தின் பெரும்பகுதி மனித நேரத்துக்குப் போகிறது. பிடரியிலிருந்து வேரோடு எடுத்து நடும் சிறு முடிக்கொத்தைத்தான் கிராஃப்ட் என்கிறார்கள். 2000 கிராஃப்ட் எடுத்து நடுவதற்கு ஒரு பகல் முழுவதும் பிடிக்கும். நான் குப்புறப் படுத்திருந்த மேசைக்குப் பக்கத்தில், ஈரத் துணி விரித்த ஒரு தட்டில், அரிசிமணியை விடச் சிறிய கிராஃப்டுகளைப் பத்துப் பத்தாக ஓர் உதவியாளர் வரிசை வைத்துக்கொண்டிருந்தார். துணி உலரும் முன்பே அதன் மேல் குளிர்ந்த உப்புநீரைத் தெளித்துக்கொண்டே இருந்தார். வெளியே எடுத்த கிராஃப்ட் உலர்ந்தால் செத்துவிடும் என்பதால்தான் அவ்வளவு கவனம். விலையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கும் இடத்தில் முதலில் காணாமல் போவது இப்படிப்பட்ட ஒரு கைதான்.

எனக்கு எத்தனை கிராஃப்ட் தேவைப்படும் என்பதை நானே ஓரளவு கணக்கிட முடியுமா?

முடியும். செலவைத் திட்டமிட அது அவசியமும்கூட. இயற்கையில் முடி ஒற்றை ஒற்றையாக அல்லாமல் ஒன்று முதல் நான்கு வரை சேர்ந்த சிறு கொத்துகளாக முளைக்கிறது. அந்தக் கொத்து ஒன்றுதான் ஒரு கிராஃப்ட். வழுக்கை விழாத தலையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 80 கொத்துகள் இருக்கும். அதில் பாதி போன பிறகுதான் பார்ப்பவர் கண்ணுக்கு முடி குறைந்தது தெரியும். ஆகவே நடும்போதும் பாதி அடர்த்தி, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 35 முதல் 45 வரை, பலருக்குப் போதுமானதாக இருக்கிறது.

முன்நெற்றியில் ஏறிப்போன பகுதி 50 சதுர சென்டிமீட்டர் என்றால், 40 வீதம் 2000 கிராஃப்ட் வேண்டும். உச்சி வரை திறந்துவிட்ட தலையில் வழுக்கைப் பரப்பு 200 சதுர சென்டிமீட்டரைத் தொடலாம். அதே வீதத்தில் கணக்கிட்டால் 8000 வரும். ஆனால் பலருக்குப் பிடரியிலிருந்து வாழ்நாள் முழுவதும் பாதுகாப்பாக எடுக்கக்கூடியதே 4000 முதல் 6000 வரைதான். வழுக்கை முற்றியவருக்கு எவ்வளவு பணம் இருந்தாலும் பழைய தலை முழுவதுமாகத் திரும்பாது என்பதை இந்தச் சிறு பெருக்கலே சொல்லிவிடும்.

மருத்துவர்கள் வழுக்கையை நார்வுட் அளவுகோலில் ஏழு நிலைகளாகப் பிரித்துச் சொல்வார்கள். ஹாமில்டன் 1951-இல் வகுத்ததை நார்வுட் 1975-இல் திருத்தியமைத்த அளவுகோல் இது. உங்கள் நிலை எது, உங்கள் தந்தையும் தாய்மாமனும் எந்த நிலை வரை போனார்கள் என்பதைக் குறித்துக்கொண்டு ஆலோசனைக்குப் போங்கள்.

ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு விதமாக விலை சொல்கிறார்கள். எப்படி ஒப்பிடுவது?

சிலர் கிராஃப்டுக்கு இவ்வளவு என்பார்கள், சிலர் ஓர் அமர்வுக்கு மொத்தமாக இவ்வளவு என்பார்கள், இன்னும் சிலர் முடிக்கு இவ்வளவு என்பார்கள். எல்லாவற்றையும் கிராஃப்ட் கணக்குக்கு மாற்றிய பிறகே ஒப்பிடுங்கள்.

ஓர் இடத்தில் 2000 கிராஃப்டுக்கு 100 பங்கு பணம் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இன்னோர் இடத்தில் 75 பங்குக்கு 3000 என்கிறார்கள். கேட்டவுடன் மனம் இரண்டாவதைத்தான் நாடும். அந்த 3000 என்பது முடியின் எண்ணிக்கையா கிராஃப்டின் எண்ணிக்கையா என்று கேளுங்கள். முடி என்று பதில் வந்தால், கொத்துக்குச் சராசரி இரண்டு முடி வீதம் அது 1500 கிராஃப்ட்தான். இரண்டு இடத்திலும் கிராஃப்டுக்கு ஒரே விலை வருகிறது. மலிவு என்று தோன்றியதில் வேலை குறைந்திருக்கிறதே தவிர விலை குறையவில்லை.

கிராஃப்டுக்கு விலை வைக்கும் இடத்தில் வேறோர் ஆபத்து உண்டு. மூன்று முடி உள்ள ஒரு கொத்தை இரண்டாக வெட்டினால் எண்ணிக்கை கூடும், பில்லும் கூடும், தலையில் முடி மட்டும் கூடாது. ஒற்றை முடி, இரட்டை முடி, மூன்று முடி கொத்துகள் ஒவ்வொன்றும் எத்தனை என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். ஒழுங்காக வேலை செய்யும் குழு அந்தக் கணக்கைத் தனக்காகவே வைத்திருக்கும், கேட்டதற்காக முகம் சுளிக்காது.

'அளவற்ற கிராஃப்ட்' என்ற விளம்பரத்தைக் கண்டால் எனக்குப் பதற்றமாக இருக்கிறது. பிடரி அளவுள்ளது. அளவில்லாமல் எடுப்போம் என்பவர் உங்கள் விதைநெல்லைக் கேட்கிறார்.

எஃப்யூடி, எஃப்யூஇ இரண்டில் எது செலவு குறைவு?

பொதுவாக எஃப்யூடி. அதில் பிடரியிலிருந்து தோலை ஒரு பட்டையாக எடுத்துத் தைத்துவிட்டு, அந்தப் பட்டையை நுண்ணோக்கியின் கீழ் கொத்துகளாகப் பிரிக்கிறார்கள். எஃப்யூஇ முறையில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான விட்டமுள்ள துளைக்கருவியால் ஒவ்வொரு கொத்தையும் தனித்தனியாக எடுக்கிறார்கள். நேரம் அதிகம், ஆகவே பெரும்பாலும் கட்டணமும் அதிகம்.

எஃப்யூடியில் ஒரு கோடாகத் தழும்பு நிற்கும். பிடரியில் இரண்டு சென்டிமீட்டராவது முடி வைத்திருப்பவருக்கு அது பெரும்பாலும் வெளியே தெரியாது, ஒட்ட வெட்டும் பழக்கமுள்ளவருக்குத் தெரியும். எஃப்யூஇ தழும்பே விடாது என்று சிலர் சொல்வது சரியல்ல. அதில் தழும்பு சிறு சிறு புள்ளிகளாகச் சிதறி இருக்கும், அளவுக்கு மேல் எடுத்துவிட்டால் பூச்சி அரித்த கம்பளித் துணிபோலத் திட்டுத் திட்டாகத் தெரியும். நீங்கள் எப்போதும் ஓரளவு நீளமாகவே முடி வளர்ப்பவர் என்றால், பணத்தை மிச்சப்படுத்த எஃப்யூடியைப் பற்றி வெட்கமில்லாமல் கேளுங்கள். பழைய முறை என்று பலர் ஒதுக்குகிறார்கள், ஆனால் தேர்ந்த கையில் அது இன்றும் நல்ல முறைதான்.

மிகக் குறைந்த விலை சொல்பவர்கள் எதில் மிச்சம் பிடிக்கிறார்கள்?

பெரும்பாலும் மருத்துவரின் நேரத்தில். விளம்பரத்தில் மருத்துவர் படம் இருக்கும், நெற்றியில் கோடு போட்டுவிட்டு அவர் போய்விடுவார், மருத்துவத் தகுதியே இல்லாதவர்கள் துளையிட்டு எடுத்து நடுவார்கள். 1993 முதல் இயங்கும் சர்வதேச முடி மீட்பு அறுவை சிகிச்சைச் சங்கம் இதைப் பற்றித் தொடர்ந்து எச்சரித்து வருகிறது. பலமணி நேரச் சிகிச்சையில் மரத்துப்போகும் ஊசியைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். அந்த மருந்தின் அளவு உடல் எடைக்கு ஏற்ற வரம்பைத் தாண்டினால் வலிப்பும் இதயத் துடிப்புக் கோளாறும் வரலாம். அப்போது அறையில் மருத்துவரும் உயிர்காக்கும் கருவிகளும் இருக்க வேண்டும். துளைக்கருவியை ஒருவருக்குப் பயன்படுத்தியதை இன்னொருவருக்குப் பயன்படுத்தினால், இரத்தத்தால் பரவும் மஞ்சள் காமாலை முதல் எச்ஐவி வரை வர வழியுண்டு.

என் சித்தப்பா மகன் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று ஓர் இடத்தில் செய்துகொண்டான். முன்னால் வளர்ந்தது சுமார். ஓராண்டு கழித்து முடிதிருத்துபவர் பிடரியில் சீப்பை வைத்து மேலே தூக்கியபோது, சீப்பின் பற்களுக்கு இடையே வெறும் தோல் வட்ட வட்டமாகத் தெரிந்தது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நெருக்கி எடுத்திருந்தார்கள். அதைச் சரிசெய்யப் போன இடத்தில், எடுத்து நடுவதற்குப் பிடரியில் போதிய முடி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவன் மிச்சப்படுத்திய பாதிப் பணம் இன்னும் வங்கியில்தான் இருக்கிறது, அதைக் கொண்டு வாங்குவதற்கு எதுவும் இல்லை.

வெளிநாட்டில் விமானக் கட்டணம், தங்குமிடம் எல்லாம் சேர்த்தே குறைவாக வருகிறதே?

வரலாம், கூலியும் வாடகையும் குறைந்த நாடுகளில் நல்ல மருத்துவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இந்தச் சிகிச்சையின் பலன் தெரிய ஓராண்டு ஆகும். பத்தாம் நாள் சீழ் வைத்தாலோ, எட்டாம் மாதத்தில் ஒரு பக்கம் வளரவில்லை என்றாலோ யாரிடம் போவீர்கள், மறுபடி போய்வர எவ்வளவு ஆகும் என்பதையும் கணக்கில் சேருங்கள். ஒரு முறை திரும்பிப் போகும் செலவைக் கூட்டிய பிறகும் குறைவாகவே இருந்தால், அதை நேர்மையான ஒப்பீடு என்று ஏற்கலாம்.

கடன் வாங்கியோ மாதத் தவணையிலோ செய்துகொள்ளலாமா?

இது உயிர்காக்கும் சிகிச்சை அல்ல. ஆகவே கடனை நான் கடைசி வழியாகவே சொல்வேன். ஆனாலும் பலர் அந்த வழியில்தான் போகிறார்கள் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் வட்டி. 'ஆண்டுக்கு 12 சதவீதம்' என்று சொல்லி, அதை முழுத் தொகைக்கும் கணக்கிட்டு, அசலோடு கூட்டிப் பன்னிரண்டு தவணையாகப் பிரித்தால் அதற்கு நிலையான வட்டி என்று பெயர். ஆறாவது மாதத்தில் நீங்கள் பாதி அசலைத் திருப்பிக் கட்டியிருப்பீர்கள், ஆனால் வட்டி மட்டும் முழு அசலுக்கும் ஓடிக்கொண்டிருக்கும். குறையும் நிலுவைக்கு மட்டும் வட்டி போடும் முறையோடு ஒப்பிட்டால் அந்த 12 என்பது ஏறத்தாழ 21.5 சதவீதத்துக்குச் சமம். எந்த முறை என்பதைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அடுத்தது 'வட்டியில்லாத் தவணை'. அதே சிகிச்சைக்கு முழுப் பணத்தையும் இன்றே கட்டினால் எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். ரொக்க விலை குறைவாக இருந்தால், அந்த இடைவெளிதான் வட்டி. பரிசீலனைக் கட்டணம், ஒரு தவணை தவறினால் விதிக்கும் அபராதம், முன்கூட்டியே அடைத்தால் பிடிக்கும் தொகை ஆகியவற்றையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள். கடன் அட்டையில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டே போவது இருப்பதிலேயே விலை உயர்ந்த வழி.

மனநிலையையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். நட்ட முடியின் தண்டு இரண்டாம் வாரத்துக்கும் எட்டாம் வாரத்துக்கும் இடையில் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். வேர் உள்ளே இருக்கும், மூன்றாம் நான்காம் மாதத்தில்தான் மெல்லிய முடியாக வெளியே வரும். பக்கத்தில் இருந்த பழைய முடியும் அதிர்ச்சியில் சிறிது கொட்டலாம். அதாவது முதல் மூன்று, நான்கு தவணைகளை, சிகிச்சைக்கு முன்பிருந்ததைவிட மோசமான தலையைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே கட்ட வேண்டியிருக்கும். அது தெரிந்து கட்டுவது வேறு, தெரியாமல் கட்டித் தவிப்பது வேறு.

கடன் வாங்க முடிவு செய்துவிட்டால் ஒரு சோதனை செய்து பாருங்கள். எவ்வளவு தவணை வரும் என்று சொல்கிறார்களோ அதே தொகையை ஆறு மாதம் தனிக் கணக்கில் போடுங்கள். ஒரு மாதம்கூடத் தவறாமல் போட முடிந்தால் உங்களால் தாங்க முடியும் என்பது உறுதியாகிறது, பெரிய முன்பணமும் சேர்ந்துவிடுகிறது, வாங்க வேண்டிய கடனும் சுருங்குகிறது. மூன்றாம் மாதமே கையைக் கடித்தால், கடன் வாங்கும் முன்பே அதைத் தெரிந்துகொண்டீர்கள். நான் இந்தச் சோதனையில் தொடங்கித்தான் கடைசியில் கடனே இல்லாமல் முடித்தேன்.

மருத்துவக் காப்பீடு கைகொடுக்குமா?

பரம்பரை வழுக்கைக்குப் பொதுவாகக் கொடுக்காது, அழகுச் சிகிச்சை என்று ஒதுக்கிவிடுவார்கள். தீக்காயம், விபத்து ஆகியவற்றால் ஏற்பட்ட தழும்பில் முடி நடுவதானால் மட்டும் உங்கள் பாலிசியைப் படித்துக் கேட்டுப் பாருங்கள்.

சேமித்துக்கொண்டே காத்திருந்தால் இருக்கும் முடியும் போய்விடாதா?

இதுதான் என்னிடம் அதிகம் பேர் கவலையோடு கேட்கும் கேள்வி. இந்தப் பயத்தைக் காட்டித்தான் அவசரப்படுத்துகிறார்கள். காத்திருக்கும் காலத்தில் முடியைக் காப்பாற்ற மருந்து இருக்கிறது, அது அறுவையைவிட மிக மலிவு. தலையில் தடவும் மினாக்சிடிலுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1988-இல் ஒப்புதல் கொடுத்தது. ஆண்கள் சாப்பிடும் ஒரு மில்லிகிராம் ஃபினாஸ்டிரைடு மாத்திரைக்கு 1997-இல் கொடுத்தது. இரண்டுமே இன்று பொதுப்பெயர் மருந்துகளாகக் கிடைக்கின்றன. பெயர்பெற்ற உறையில் வருவதும் பொதுப்பெயரில் வருவதும் ஒரே மருந்துதான்.

மினாக்சிடில் தொடங்கிய முதல் வாரங்களில் முடி கூடுதலாகக் கொட்டலாம். அது பெரும்பாலும் மருந்து வேலை செய்யத் தொடங்கியதன் அடையாளம், நான்கு மாதமாவது பொறுக்க வேண்டும். வீட்டில் பூனை இருந்தால் மருந்து தடவிய தலையணையும் கையும் அதன் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அந்த மருந்து பூனைக்கு நஞ்சு. ஃபினாஸ்டிரைடு சிலருக்குப் பாலுணர்வுக் குறைவையும் மனச்சோர்வையும் தரக்கூடும் என்பதால் மருத்துவரிடம் பேசாமல் தொடங்கக் கூடாது. கருவுற்ற பெண்கள் உடைந்த மாத்திரையைத் தொடவே கூடாது. இரண்டையும் நிறுத்தினால் சில மாதங்களில் பலனும் போய்விடும்.

ஓராண்டு மருந்து எடுத்த பிறகு சிலருக்கு முடி உதிர்வது நின்று, நட வேண்டிய பரப்பே குறைகிறது. அந்த ஓராண்டில் பணமும் சேர்ந்திருக்கும். எனக்கு முதலில் 2800 கிராஃப்ட் என்றார்கள். பதினான்கு மாதம் மருந்து எடுத்த பிறகு அதே மருத்துவர் 2000 போதும் என்றார்.

நடவுக்குப் பிறகும் மருந்து தொடர வேண்டும் என்பதைப் பலரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நட்ட முடி நிற்கும், அதைச் சுற்றியுள்ள பழைய முடி மருந்தில்லாமல் உதிர்ந்துகொண்டே போகும், பிறகு நட்டது மட்டும் தீவுபோல நிற்கும். ஐந்தாண்டு மருந்துச் செலவையும் முதல் நாளே வரவு செலவில் எழுதிவிடுங்கள்.

பணம் சேர்ந்துவிட்டது. உடனே செய்துகொள்ளலாமா?

முதலில் உங்களுக்கு வந்திருப்பது பரம்பரை வழுக்கைதானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். காய்ச்சல், பிரசவம், திடீர் எடைக் குறைப்பு, இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டுக் கோளாறு ஆகியவற்றால் கொட்டும் முடி காரணம் சரியானதும் பெரும்பாலும் தானே திரும்பிவிடும். அதற்கு அறுவை செய்வது வீண். புழுவெட்டு எனப்படும் வட்ட வழுக்கையிலும், தலைத்தோல் அழற்சியால் தழும்பேறும் வழுக்கையிலும் நோய் அடங்காமல் நட்டால் நட்டதும் போய்விடலாம். பெண்களில் பலருக்குப் பிடரி உட்படத் தலை முழுவதும் முடி மெலிகிறது. நாற்றங்காலே மெலிந்திருக்கும்போது எடுத்து நடுவதில் பொருளில்லை, ஆகவே அவர்களுக்கு இந்த ஆய்வு இன்னும் முக்கியம். ஒரு தோல் மருத்துவரின் ஆலோசனைக் கட்டணமும் இரத்தப் பரிசோதனையும் சேர்ந்து அறுவைச் செலவின் மிகச் சிறு பங்குதான்.

வயது இருபதுகளின் தொடக்கம் என்றால் பொறுங்கள். வழுக்கை எங்கே போய் நிற்கும் என்று அப்போது தெரியாது, பதினேழு வயது நெற்றிக்கோட்டைக் கேட்டு வாங்கினால் நாற்பதில் அதற்குப் பின்னால் வெட்டவெளி இருக்கும்.

இருக்கும் பணத்துக்குப் பாதி மட்டும் செய்துகொள்ளலாமா?

செய்யலாம், விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது இங்கே நல்ல மருத்துவமும்கூட. முன்பகுதி முகத்துக்குச் சட்டம் போன்றது, எதிரில் நிற்பவர் பார்ப்பதும் அதைத்தான். உச்சி நிறைய கிராஃப்டுகளை விழுங்கும், பலன் தெரிய பதினெட்டு மாதம்கூட ஆகும், பார்ப்பவர்களும் குறைவு. ஆகவே முன்பகுதியை இப்போது முழு அடர்த்தியோடு செய்துவிட்டு உச்சியை அடுத்த முறைக்கு விடுவது நியாயமான திட்டம். தலை முழுவதும் அடர்த்தியைக் குறைத்துப் பரப்பி நடுவதுதான் பாழாய்ப் போகும் வழி. நெற்றிக்கோட்டை ஒரு சென்டிமீட்டர் மேலே வைக்கச் சம்மதித்தால் தேவைப்படும் கிராஃப்டும் குறையும், வயதுக்கும் பொருந்தும்.

பேரம் பேசலாமா?

பேசலாம், ஆனால் கிராஃப்ட் எண்ணிக்கையிலோ மருத்துவரின் நேரத்திலோ கைவைக்காத பேரமாக இருக்கட்டும். கூட்டமில்லாத மாதத்தில் வந்தால் குறையுமா, வேறொருவர் ரத்துசெய்த நாளில் குறுகிய அறிவிப்பில் வர முடிந்தால் குறையுமா, முன்னும் பின்னும் எடுத்த படங்களைப் பயன்படுத்த ஒப்புக்கொண்டால் குறையுமா என்று கேளுங்கள். மருத்துவக் கல்வி நிறுவனங்களில் பயிற்சி மருத்துவர்கள் மூத்தவரின் கண்காணிப்பில் செய்யும்போது கட்டணம் குறைவாக இருப்பதுண்டு. மூத்தவர் அறையில் கடைசி வரை இருப்பாரா என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கூடுதலாகச் சேர்த்து விற்பவற்றை மறுக்கவும் தயங்காதீர்கள். பிஆர்பி எனப்படும் இரத்தத்தட்டு ஊசி சிலருக்கு உதவுகிறது, ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல் இல்லை, அது இல்லாமலும் நடவு வெற்றிபெறும். பணம் குறைவாக உள்ளவர் முதலில் வெட்ட வேண்டியது அதைத்தான். வைட்டமின் பொட்டலங்களும் சிறப்பு ஷாம்பூவும் அப்படியே.

செயற்கை முடியைப் பொருத்துவது மலிவாக இருக்கிறதாமே?

வேண்டாம். தலைத்தோலில் செயற்கை இழையைச் செருகுவதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1983-இலேயே தடைசெய்தது. சீழும் தழும்புமே அதில் மிச்சமாகும்.

கட்டணத்தில் சேராத செலவுகள் எவை?

பொருக்கு உதிர்ந்து தலை வெளியே காட்டும்படி ஆக ஏழு முதல் பத்து நாள் பிடிக்கும். தினக்கூலிக்காரருக்கும் சொந்தத் தொழில் செய்பவருக்கும் அது வருமான இழப்பு, வெயிலில் வேலை செய்பவருக்கு இன்னும் அதிகம். தலைக்கவசம் எப்போது அணியலாம் என்று மருத்துவர் சொல்லும் வரை இருசக்கர வாகனம் ஓட்ட முடியாது, போக்குவரத்துச் செலவு கூடும். மருந்துகள், மறுபரிசோதனைக்கு வந்துபோவது, எதிர்பாராத தொற்று ஆகியவற்றுக்காக மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். புகைப்பவர் நிறுத்தியாக வேண்டும், புகை இரத்த ஓட்டத்தைக் குறைத்து நட்டதைக் கெடுக்கும். செலவுப் பட்டியலில் பணத்தை மிச்சப்படுத்தும் வரி அது ஒன்றுதான்.

அறுவையே வேண்டாம் என்று முடிவெடுத்தால்?

அதுவும் நல்ல முடிவு. முடி முழுவதையும் மழித்துவிடுவதும், மெலிந்த முடிக்கு நடுவே தூவும் நார்ப்பொடியும், மழித்த தலையில் மயிர்க்கால்போலப் புள்ளியிடும் நிறமேற்றும் முறையும், நன்றாகச் செய்த விக்கும் இருக்கின்றன. விக் தொடக்கத்தில் மலிவு, பராமரிப்பும் மாற்றுவதும் சேர்ந்தால் சில ஆண்டுகளில் நடவுச் செலவைத் தாண்டலாம். கடனில் மூழ்கிச் செய்துகொண்ட முடியைவிட மழித்த தலை எவ்வளவோ மேல் என்று நான் மனதார நம்புகிறேன்.

முன்பணம் கட்டும் முன் எவற்றை எழுத்தில் வாங்க வேண்டும்?

மரத்துப்போக வைப்பது, கிராஃப்ட் எடுப்பது, நடுவதற்குத் துளையிடுவது, நடுவது ஆகிய நான்கையும் யார் யார் செய்வார்கள் என்பது பெயருடனும் தகுதியுடனும் இருக்க வேண்டும். எத்தனை கிராஃப்ட், எந்தப் பகுதிக்கு, வரி உட்பட மொத்தக் கட்டணம் எவ்வளவு, சொன்னதைவிடக் குறைவாக எடுத்தால் எவ்வளவு திரும்பும் என்பது இருக்க வேண்டும். ஓராண்டுக்குப் பின் வளர்ச்சி மோசமாக இருந்தால் என்ன செய்வார்கள், மறுபரிசோதனைக்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதும், நீங்கள் ரத்துசெய்தால் முன்பணத்தில் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதும் வேண்டும். இன்று மாலைக்குள் கட்டினால்தான் இந்த விலை என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

கட்டிய பிறகு, சிகிச்சைக்கு முதல் நாள், நல்ல வெளிச்சத்தில் உங்கள் தலையை முன்னால், இரு பக்கம், உச்சி, பிடரி என ஐந்து கோணங்களில் வீட்டாரைக் கொண்டு படமெடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். முன்நெற்றியை எல்லோரும் எடுக்கிறார்கள். பிடரியை ஈரமான முடியோடும் ஒரு படம், சீப்பால் மேலே தூக்கிப் பிடித்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். ஓராண்டு கழித்து எவ்வளவு எடுத்தார்கள் என்ற பேச்சு வந்தால், மேசையில் வைப்பதற்கு உங்களிடம் அந்த இரண்டு படங்கள் இருக்கும்.